நாற்பத்தோராவது கோட்டு

நடன விருந்துக்கு மறுநாள் காலையில் ஹெர்மினேவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. இத்தனைக்கும் நேற்று, மூட்டுவலிக்கு வலது கையில் கற்பூரத் தைலம் தேய்த்துக்கொண்டு, ஒன்பதுக்கே படுத்துவிட்டாள். முப்பது வருஷமாக வியன்னாவின் ஆண்களுக்கு, நடனத்துக்குப் போடும் பின்பக்கம் நீண்ட வால் கோட்டு வாடகைக்குக் கொடுப்பவள், ஒரு தடவைகூட ஆடப் போனதில்லை. நடன நாளன்றுதானே கடையில் வேலை இடுப்பை ஒடிக்கும்.

திரும்பி வந்த கோட்டுகளைக் கடையில் வேலை செய்யும் பூர்கி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நாற்பதுதானேக்கா குடுத்தோம்? நாற்பத்தொண்ணு வந்திருக்கே."

"எவனாவது தூக்கக் கலக்கத்துல சொந்தக் கோட்டையும் சேத்துப் போட்டிருப்பான். குடு இங்க."

ஹெர்மினே வாங்கி உட்புறத்தைப் புரட்டினாள். அக்குளில் அவளே போட்ட நீல நூல் தையல். அவள் கணவன் ஓட்டோகரை இந்தக் கோட்டோடுதான் புதைத்தார்கள், நாலு வருஷமாகிறது. "அடுத்த வருஷம் உன்னைக் கண்டிப்பா ஆடக் கூட்டிட்டுப் போறேன்டி" என்று வருஷா வருஷம் சொன்ன மனுஷன்.

கோட்டுப் பையில் வெள்ளைக் கையுறைகள் இருந்தன. ஆடும்போது பெண்ணின் வலது கையைப் பிடிக்கும் இடது கையுறையைப் பூர்கி மோந்து பார்த்தாள்.

"சீ, கற்பூரத் தைலம்! எந்தக் கிழவியோட ஆடினானோ!"

ஹெர்மினே வலது கையை மெல்லக் கவுன் பைக்குள் விட்டுக்கொண்டு, வீங்கிய கால்களோடு உட்கார்ந்தாள்.