கரியா மேல் பழி

“நம்ம பூமிகா வயித்துல புழு. எல்லாம் இந்த நாயாலதான். இன்னிக்கே கொண்டுபோய்க் காட்டுல விட்டுடறேன்” என்றார் நஞ்சுண்டப்பா.

“மொதல்ல அதுக்குப் புழு இருக்கான்னு பாக்கலாம்ங்க” என்று மனைவி ரத்னம்மா பிடிவாதம் பிடித்ததால், மூவரும் நாய் கரியாவோடு ஹாசன் மாட்டாஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். மகள் பூமிகா நாயின் கழுத்தை விடவே இல்லை.

டாக்டர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். “புழு முட்டை ஒண்ணுகூட இல்லையே. தவறாம மாத்திரை குடுக்கறீங்க போல?”

“நாய்க்கு மாத்திரையா? நல்லா இருக்கே சாமி! அதுக்குக் களி போடறதே அதிகம்” என்றார் நஞ்சுண்டப்பா.

“அப்ப யார் குடுத்தது?”

“நான்தான்” என்றாள் பூமிகா. “அப்பா வாங்க மாட்டேன்னுட்டாரு. பள்ளிக்கூடத்துல எனக்குக் குடுக்கற பூச்சி மாத்திரைய, மிஸ் அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பி எடுத்துட்டு வந்துடுவேன். ராகிக் களி உருண்டைக்குள்ள வெச்சுக் குடுப்பேன். களிய யாராவது மெல்லுவாங்களா? முழுங்கிடும்.”



டாக்டர் சீட்டு எழுதினார். “பாப்பாவப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாய்க்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை இத வாங்கிடுங்க. வாங்கலேன்னா, மறுபடியும் பாப்பா பங்குதான் போகும்.”