மத்தியானத் தூக்கம்

ஏட்டையாவுக்குக் கோடைகாலம் ஆகாது. மத்தியானமானால் தெருவில் ஈ காக்கை நடமாடாது. வேவு பார்க்க ஆளில்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

போலீஸ் சர்வீஸ் முழுவதும் பந்தோபஸ்துக்கு நின்றும், அதிகாரிகள் வீட்டு நாய்களுக்குக் காற்று வாங்கிக் கொடுத்தும் ஓய்வு பெற்றவர் அவர். ஒரே ஒரு கேஸைக்கூடத் தானே துப்புத் துலக்கியதில்லை என்ற குறை மனசை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுத் தோட்டத்தைக் கண்காணித்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டில் இரண்டே பேர். தையல்காரம்மா வராந்தாவில் மிஷினைப் போட்டுக்கொண்டு திரைச்சீலை, மெத்தை உறை, தலையணை என்று ஓயாமல் ஓட்டுவார். அவர் புருஷன் பீரோ பூட்டு ரிப்பேர்காரர். வெயில் காலத்தில் வேலை குறைவு. தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, தோட்டக் கையுறையைக்கூடக் கழற்றாமல், மரத்தடியில் சாய்வு நாற்காலியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிடுவார்.

செவ்வாய்க்கிழமை ஒரு காக்கை வந்து அவர் தோளில் உட்கார்ந்தது. ஆள் அசையவில்லை. காக்கை கழுத்தில் நறுக்கென்று கொத்தியது. அப்போதும் அசையவில்லை. தையல்காரம்மா ஓடிவந்து காக்கையை விரட்டினார். புருஷனின் சட்டைக் காலரை இழுத்துவிட்டார். தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மிஷினில் போய் உட்கார்ந்தார்.

ஏட்டையாவுக்குப் புல்லரித்தது. போன வாரம் மூட்டை மூட்டையாகப் பஞ்சு வந்து இறங்கியது ஞாபகம் வந்தது. தோட்டத்தில் புதிதாக ஒரு கத்தரிப் பாத்தி வேறு இருந்தது. சரியாக ஓர் ஆள் நீளம்.

"அடியே, எதிர்வீட்டம்மா புருஷனைத் தீர்த்துக் கட்டிட்டாங்க. நாற்காலியில இருக்கறது பஞ்சு பொம்மை" என்றார் மனைவியிடம்.

"கெட்டிக்காரி. எனக்குத்தான் தைக்கத் தெரியாமப் போச்சு" என்றார் மனைவி.

மறுநாள் ஏட்டையா துணிந்து எதிர்வீட்டுக்கே போனார். நாற்காலி காலியாக இருந்தது.

"எங்கம்மா வீட்டுக்காரர்?"

"குளிக்கறார்."

"நேத்து காக்கா கழுத்துல கொத்தியும் எழுந்திரிக்கலையே?"

மிஷின் நின்றது. "அவர் தூங்கினா மரக்கட்டைதான் ஏட்டையா. நீங்க எங்கேர்ந்து பார்த்தீங்க?"

"மாடியிலேர்ந்து. சாப்பிட்டு உட்கார்ந்தவன் பொழுது சாயற வரைக்கும் கண்ணை எடுக்கல."

"அப்படியா" என்றார் தையல்காரம்மா. மிஷின் மறுபடி ஓடியது.

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கை தேர்ந்த கொலைகாரி என்று ஏட்டையா முடிவு கட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம் இன்ஸ்பெக்டரையும் மண்வெட்டியோடு இரண்டு போலீஸ்காரர்களையும் கூட்டிக்கொண்டு நுழைந்தார். நாற்காலியில் தொப்பிக்காரர் அசையாமல் கிடந்தார். போலீஸ்காரர்கள் பாத்தியை வெட்ட ஆரம்பித்தார்கள். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த நேரம் வந்துவிட்டது. ஏட்டையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தொப்பியைப் பிடுங்கினார்.

"யாருய்யா அது, தூங்கற மனுஷனை எழுப்பறது?" என்று பூட்டுக்காரர் கண்ணைக் கசக்கினார்.

பாத்தியில் கத்தரி வேரைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. தெருவே கூடிச் சிரித்தது. ஏட்டையாவின் மானம் கப்பலேறியது.

"ஓய்வு குடுத்தா எடுத்துக்கணும் ஏட்டையா" என்று இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார்.

அன்று சாயங்காலம் மண்ணில் மண்டியிட்டு அத்தனை கத்தரிக் கன்றையும் ஏட்டையாவே திரும்ப நட்டார். பூவாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பூட்டுக்காரர், "வரிசை கோணுது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஏட்டையாவின் வீட்டுக்கு, சிரிக்காமல்.

"அடுத்த தெருவுல ஒரு குடும்பம் லீவுக்கு ஊருக்குப் போயிருக்கு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீடு புகுந்து பீரோவுல இருந்த நகையெல்லாம் எடுத்துட்டான் ஒருத்தன். வாசப் பூட்டையும் உடைக்கல, பீரோவையும் உடைக்கல. எனக்கு உங்க எதிர்வீட்டு ஆள் மேலதான் சந்தேகம். நீங்கதான் ஜன்னல்லயே குடியிருக்கீங்களே. அன்னிக்கு மத்தியானம் அவன் எங்க இருந்தான்?"

ஏட்டையாவுக்குக் காக்கை ஞாபகம் வந்தது. ஆனால் நேற்றுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் ஓய்ந்தபாடில்லை. இன்னொரு தடவை பொம்மை என்று வாயைத் திறந்தால் தெருவில் தலை காட்ட முடியாது. பாவம், ஒரு நல்ல மனுஷனை ஏற்கெனவே பிணமாக்கியாயிற்று. இனி திருடனாக வேறு ஆக்க வேண்டுமா?

"அந்த நாற்காலியிலதான் தூங்கிட்டிருந்தார். பொழுது சாயற வரைக்கும் அசையவே இல்ல. என் கண்ணால பார்த்தேன். எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றார்.

முன்னாள் போலீஸ்காரரின் சாட்சி. இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் தையல்காரம்மா வந்தார். கையில் பூப்போட்ட உறை மாட்டிய ஒரு புதுத் தலையணை.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க ஏட்டையா. மத்தியானத்துல ஜன்னல்கிட்டயே உட்காராம நீங்களும் கொஞ்சம் தூங்குங்க" என்றார்.

ஏட்டையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவரையா கொலைகாரி என்று நினைத்தோம் என்று நொந்துகொண்டே தலையை வைத்தார். நல்ல பஞ்சு. உடனே தூங்கிப்போனார்.

உறையைக் கழற்றிப் பார்த்திருந்தால், காக்கை கொத்திய ஓட்டையைத் தையல்காரம்மா எவ்வளவு நேர்த்தியாகத் தைத்து மூடியிருக்கிறார் என்பது தெரிந்திருக்கும்.