பச்சை டிக்

கணினித் திரையில், ஆளுக்கொரு கட்டளை எழுதிய வண்ணக் கட்டைகளை இழுத்துக் கோத்து, பட்டியலில் தேடவும் திருத்தவும் பிள்ளைகள் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதம் ஏரிக்கரையில் நின்று அவர்களே எழுதிச் சேர்த்த முன்னூறு பறவைகள் அந்தப் பட்டியலில் இருந்தன. இரண்டு முறை பதிவாகிவிட்ட ஒரு நாரையை எடுக்கவேண்டும்.

'நீக்கு' என்ற பெரிய சிவப்புக் கட்டை வந்து அமர்ந்தது. 'இது மட்டும்' என்ற சின்ன மஞ்சள் கட்டையை யாரும் தொடவில்லை. அதற்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“அண்ணே, நான் இல்லாம ஓடாதீங்க! எதை நீக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கெதுக்குடா அது? ஓடச் சொன்னா ஓடுவேன். நீ வந்தா வா, வராட்டி போ.”

“யாராவது இழுத்து மாட்டாம நானா எப்படி வர்றது? அந்தப் பறவைகளைப் பாருங்கண்ணே!”

“பொடிப்பயலுக்கு வாயைப் பாரு!”

யாரோ பொத்தானை அழுத்தினார்கள். முன்னூறு வரிகளும் ஒரே நொடியில் காணாமல் போயின. திரையில் பச்சை டிக் விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“பாத்தியா, தப்பே இல்லையாம்,” என்று சிவப்புக் கட்டை நெஞ்சை நிமிர்த்தியது.

ஒரு பிள்ளை அலறிய பிறகுதான் ஆசிரியர் பதறிப்போய் மஞ்சள் கட்டையை இழுத்து, 'தேடு' கட்டையோடு கோத்தார்.

“இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா?”

பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வரிகூட இல்லாத பட்டியலில் நாரையைத் தேட இறங்கியது மஞ்சள் கட்டை.