முன்சக்கரப் பூட்டு

வண்டி ஒரு முழம்கூட நகரவில்லை. டணார் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி குவாலிட்டி சார் தரையில் கிடந்தார். அவர் மேல் வண்டி கிடந்தது.

எதிர்வீட்டு டீச்சரும் வாட்ச்மேனும் ஓடி வந்து தூக்கிவிட்டார்கள். முழங்கை சிராய்த்து, பேண்ட் முட்டியில் கிழிந்திருந்தது. முன்சக்கரத்தில் மஞ்சள் நிற டிஸ்க் லாக் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"லாக்கைக் கழட்ட மறந்துட்டீங்க போலிருக்கே சார்," என்றார் டீச்சர்.

"மறதியா? எனக்கா?"

விழுந்ததைவிட அந்தக் கேள்விதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

குக்கர் கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் அவருக்குக் குறை கண்டுபிடிக்கிற வேலை. வரிசையாக வரும் மூடிகளில் கீறல் இருக்கிறதா, நெளிசல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கித் தள்ளுவார். அதற்குச் சம்பளம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அதே வேலையை இலவசமாகச் செய்துகொடுப்பார். என்றைக்கு அவள் அடுப்பை அணைக்க மறந்தாள், எந்த மழையில் குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தாள் என்பதையெல்லாம் தேதி கிழமையோடு ஒப்பிப்பார்.

அந்த மனைவிக்கு ஏழு வருஷம் வீட்டோடு இருந்த பிறகு, படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரி மருந்துக் கடையில். இன்றைக்குத்தான் முதல் நாள். விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டிய ஷிஃப்ட்.

"உப்பு போட்டோமா இல்லையான்னே ஞாபகம் இருக்காது உனக்கு. நீ மருந்து எடுத்துக் கொடுத்தா ஊர்ல ஜனத்தொகை குறைஞ்சிடும்," என்று தடுத்துப் பார்த்தார்.

கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி, போ. ஆனா உன்னால வீட்டுல ஒரே ஒரு காரியம் தப்பினாலும் அன்னிக்கே வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்திடணும்."

இந்தப் பெருந்தன்மையான நிபந்தனையோடுதான் அவள் கிளம்பியிருந்தாள்.

இதோ, தப்பிவிட்டது. அதுவும் முதல் நாளே. முழங்கை எரிந்தாலும் மனசுக்குள் அவருக்குக் கொஞ்சம் குளுகுளுவென்றுதான் இருந்தது.

"நாலு வருஷமா இந்த லாக்கை தினமும் என் கையால கழட்டறவன் டீச்சர் நான். ஒரு நாள் தப்பினதில்லை. இன்னிக்கு டிபனை நானே எடுத்துப் போட்டு, கதவை நானே பூட்டி, தலை கிறுகிறுத்துப் போச்சு. பொண்டாட்டி வேலைக்குக் கிளம்பினா புருஷன் தலைகுப்புற விழ வேண்டியதுதான்."

"நான் இருபது வருஷமா வேலைக்குப் போறேன் சார். என் வீட்டுக்காரர் இன்னும் நின்னுக்கிட்டுதான் இருக்கார்," என்றபடி டீச்சர் பஞ்சும் மருந்தும் எடுத்துவரப் போனார்.

"சார், அது வந்து..." என்று இழுத்தார் வாட்ச்மேன்.

"நீ சும்மா இருய்யா."

போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். நடந்ததை, இரண்டு மடங்கு ரத்தம் சேர்த்துச் சொன்னார்.

"ஐயோ, பலமா அடிபட்டுடுச்சாங்க?"

"அடியை விடு. சொன்ன சொல்லு ஞாபகம் இருக்கா? இல்லை, அதையும் மறந்துட்டியா?"

அந்தப் பக்கம் யாரோ ஒரு மாத்திரையின் பேரைத் தப்பும் தவறுமாகப் படிப்பது மட்டும் கேட்டது.

"இருக்குங்க. ஷிஃப்ட் முடியறப்போ எழுதிக் கொடுத்துட்டு வந்திடறேன்."

குரல் உடைந்திருந்தது. அது குவாலிட்டி சாருக்கு நன்றாகவே கேட்டது. கேட்காத மாதிரி போனை வைத்தார்.

"சார், தப்பு என்னோடது," என்றார் வாட்ச்மேன். "அம்மாவை விட்டுடுங்க."

"உனக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

வாட்ச்மேன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்தார்.

"தினமும் காலையில பால் வாங்க வரும்போது அம்மாதான் சார் இந்த லாக்கைக் கழட்டி உங்க வண்டிப் பெட்டியில வெச்சிட்டுப் போவாங்க. நாலு வருஷமா. 'அவருக்கு இது ஞாபகமே இருக்காது, சொன்னா வருத்தப்படுவாரு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னாங்க. இன்னிக்கு இருட்டோட கிளம்பினாங்க. அப்பவே கழட்டினா வண்டி திருடு போயிடும்னு, எட்டு மணிக்குக் கழட்டச் சொல்லி என் கையில சாவியைக் கொடுத்துட்டுத்தான் போனாங்க. நடுவுல தண்ணி லாரி வந்துச்சா, நான்தான் மறந்துட்டேன் சார்."

பூட்டுவதற்குச் சாவி வேண்டாம், அழுத்தினால் போதும். கழட்டுவதற்குத்தான் வேண்டும். தன்னுடைய சாவி எங்கே இருக்கிறது என்று குவாலிட்டி சார் யோசித்துப் பார்த்தார். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது. முழுசாகப் பத்து நொடி இருந்தது.

மறுபடியும் போன் போட்டார்.

"எழுதிட்டியா?"

"இன்னும் இல்லைங்க. கூட்டமா இருக்கு."

"எழுத வேண்டாம். வேலையைப் பாரு."

"நிஜமாவாங்க?"

"நிஜமாத்தான். ஒண்ணே ஒண்ணு மட்டும் செய். நாளையிலேருந்து சரியா எட்டு மணிக்கு வாட்ச்மேனுக்கு ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்திடு. அந்த ஆளுக்கு மறதி ஜாஸ்தி."