மூன்றாவது பாட்டு

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் தகரக் கூரையில் மழை அடித்துப் பெய்கிறது. முதுகுக் கூடையை இறக்காமலே நிற்கிறாள் திலகா. அவள் புருஷன் ஹரிதாஸ் கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில், அணைக்கு அடியில் இருக்கும் முட்டைக்கோஸ் தோட்டத்தில் வேலைக்குப் போயிருக்கிறான், போனை எடுக்கவில்லை. எடை போடும் பார்பரா, தோழி கேட்கச் சொல்லி அனுப்பிய ஜப்பான் பாட்டுகளைத் தராசுக்குப் பக்கத்தில் போனை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். “இந்தப் பாட்டு பேண்ட்ல எல்லாமே பொம்பளப் பிள்ளைங்கதாங்க்கா. டிரம்ஸ்கூட அவங்கதான் அடிக்கிறாங்க.” இரண்டு பாட்டு முடிந்து மூன்றாவது, நீண்ட ஊளையோடு மெல்ல ஏறுகிறது. திலகாவின் கை கூடைக் கயிற்றை இறுக்குகிறது. அணையைத் திறக்குமுன் ஊதும் சங்கும் இப்படித்தான் ஏறும். அணைத் தண்ணீரோடு சேறு வீடுகளுக்குள் புகுந்த வருஷமும் இப்படித்தான் ஏறியது. பள்ளத்தாக்கைப் பார்க்கிறாள். வெள்ளை மூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஊளைக்குள்ளிருந்து டிரம்ஸ் குதிக்கிறது, ஒரு பெண் குரல் சிரிப்பதுபோல் பாடத் தொடங்குகிறது. திலகாவின் முகத்தைப் பார்த்த பார்பரா பாட்டை நிறுத்துகிறாள். “கித்தார் சத்தம்க்கா அது. வேற போடவா?”

“வேணாம்லா. அதையே முதல்லேருந்து போடு,” என்கிறாள் திலகா, பள்ளத்தாக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். “எது பாட்டு, எது சங்குன்னு காதுக்குத் தெரிஞ்சிருக்கணும்.”