அடி வரிசை

பலகையில் மிஸ் எழுதியிருந்த விடை அறுபத்தாறு.

ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொரு எண்ணாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்கு ஒரு லூப். சொன்ன வேலையையே திரும்பத் திரும்பச் செய்யும், அலுத்துக்கொள்ளாது. வேலை முடிந்து வரும் பெரியவர்களுக்கான கணினி வகுப்பில் இன்றைய பயிற்சி அதுதான்.

பலகையில் மிஸ் எழுதிக் காட்டிய நிரலைப் பார்த்து எழுதிய எல்லார் திரையிலும் அறுபத்தாறு வந்துவிட்டது. பக்கத்து இருக்கைத் தையல்காரருக்கு வாயெல்லாம் பல்.

டின் அக்காவுக்கும் அறுபத்தாறுதான் வந்தது. அவளுக்கு மட்டும் அது தொண்டைக்குள் இறங்கவில்லை.

கடையில் வாசலுக்கு நேரே பால் பவுடர் டின்களைக் கோபுரமாக அடுக்குவது அவள் வேலை. வகுப்பில் அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். உச்சியில் ஒன்று, அதன் கீழே இரண்டு, அப்படியே இறங்கி அடியில் பன்னிரண்டு. பெட்டிக்கு இருபத்துநாலு வீதம் மூன்று பெட்டி, உதிரியாக ஆறு. எழுபத்தெட்டு. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் ஒன்று குறைந்ததில்லை, ஒன்று மிஞ்சியதில்லை.

அப்படியானால் பன்னிரண்டு டின் எங்கே போயிற்று?

லூப் தொடும் எண்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டச் சொல்லி எழுதிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்றோடு நின்றுவிட்டது.

அடி வரிசையே இல்லாத கோபுரம்.

கை தூக்கலாம். ஆனால் கடைசி பெஞ்சில் பயிற்சி மையத்தின் தலைவர் கோப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸை வேலையில் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று இன்றைக்குத்தான் முடிவு செய்யப்போகிறார்.

தூக்கினால் மிஸ்ஸின் பிழைப்பில் மண். தூக்காவிட்டால் இத்தனை பேரும் தப்பைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

காலையில் அவசரமாக இஸ்திரி போட்டதில் மிஸ்ஸின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது.

"மிஸ், எழுபத்தெட்டு வரணும். எனக்கு அறுபத்தாறு வருது. நான் எங்க தப்பு பண்ணேன்னு கொஞ்சம் பாருங்க."

"பலகையிலயே அறுபத்தாறுதானே இருக்கு? கண்ணாடியைக் கடையிலயே வச்சிட்டு வந்துட்டீங்களா அக்கா?" என்றார் தையல்காரர். வகுப்பே சிரித்தது.

மிஸ் வந்து குனிந்து பார்த்தாள். கடைசியாக நின்ற பதினொன்றைப் பார்த்தாள். கீழுதடு பல்லுக்குள் போனது.

டின் அக்கா மிஸ்ஸின் முகத்தையே பார்த்தாள். உங்களைச் சோதிக்கத்தான் அப்படி எழுதினேன் என்று மிஸ் சமாளித்துவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

மிஸ் நேரே பலகைக்குப் போனாள். அறுபத்தாறை உள்ளங்கையாலேயே அழித்தாள்.

"தப்பு அவங்களோடது இல்ல, என்னோடது. லூப் நாம குடுக்கிற கடைசி எண்ணுக்கு முன்னாடியே நின்னுடும். பன்னிரண்டும் வேணும்னா பதிமூணுன்னு குடுக்கணும். எல்லாரும் திருத்திக்குங்க."

தட்தட்டென்று விசைகள். திரை திரையாக எழுபத்தெட்டு.

டின் அக்காவின் முதுகு தானாக நிமிர்ந்தது. தன் விடை சரியாகிவிட்ட பெருமை என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார்.

தலைவர் கோப்பை மூடினார். "நாளைக்கு வந்து வேலை உத்தரவுல கையெழுத்துப் போட்டுடுங்க" என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பேருந்து நிறுத்தத்தில் மிஸ் வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டியே, என்ன நடிப்பு."

டின் அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். வகுப்பு ஆட்கள் யாருமில்லை. கையை நீட்டி, மடங்கியிருந்த காலரை இழுத்து நேராக்கினாள்.

"கேட்டாத்தானே சொல்வீங்க, மிஸ்."

"வெளிய வந்தாச்சு. மிஸ்ஸை உள்ளயே விட்டுட்டு வாம்மா" என்றாள் மகள்.