விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

மழை விட்ட மத்தியானம். கூடத்துச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து மேலேறும் விரிசலின் குறுக்கே இன்ஜினியர் போன மாதம் ஒட்டிவிட்டுப் போன கண்ணாடித் துண்டு நடுவில் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும் என்று சொல்லித்தான் ஒட்டியிருந்தார். வீட்டுக்காரி அந்தப் பிளவை விரலால் தடவிப் பார்க்கிறாள். "அடியில இருக்கிறது களிமண்ணும்மா. வெயில்ல கல்லா இறுகும், தண்ணி குடிச்சா உப்பி வீட்டையே தூக்கும். அசையாத மண்ணு வர்ற வரைக்கும் தோண்டி அஸ்திவாரம் போட்டிருக்கணும்," என்கிறார் இன்ஜினியர், குரலைத் தாழ்த்தி. "இனிமே இங்க இருக்காதீங்க." வீடு கட்டிய அந்தக் கோடை அவள் கண்ணிலேயே நிற்கிறது: இடுப்பளவுக் குழியில் கடப்பாரை ணங்கென்று ஒலித்ததும், "பாறை மாதிரி இருக்கு, இது போதும்" என்று கணவர் சிரித்துக்கொண்டே மேலேறி வந்த கோடை. இப்போது அவர் ஒரு கை, ஒரு கால் விழுந்துபோய் உள்ளறைக் கட்டிலில் கிடக்கிறார். நிலை சாய்ந்ததில் மூட முடியாமல் போன கதவின் வழியே அவர் குரல் வருகிறது. "கண்ணாடி எப்படி இருக்கு?" வாசலில் மழைத்தண்ணீர் சுவரோரமாக, சத்தமே இல்லாமல், மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. "அப்படியேதாங்க இருக்கு," என்கிறாள் அவள். "ஒரு கீறல்கூட இல்ல." இன்ஜினியர் தலை குனிந்துகொள்கிறார். உள்ளே கட்டில் லேசாகக் கிரீச்சிடுகிறது. "நான்தான் அப்பவே சொன்னேனே," என்கிறது குரல், நிம்மதியாக. "பாறை மாதிரி மண்ணுன்னு."